மனுவில் அரைப்புள்ளி எங்கே விழ வேண்டும்?

திங்கள்கிழமை நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு மோகனூர்ப் பக்கத்திலிருந்து மனு எடுத்துப் போகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். குறை நியாயமானதாக இருக்கும், ஆதாரமும் கையில் இருக்கும். ஆனாலும் எழுதிய வரி குழம்பிக் கிடந்தால் படிக்கிறவருக்கு விஷயம் பிடிபடாது. பெரும்பாலும் அந்தக் குழப்பம், அரைப்புள்ளி வர வேண்டிய இடத்தில் காற்புள்ளி விழுவதால் வருகிறது.

இந்த வரியைப் பாருங்கள்:

"மோகனூர் வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டது, பத்து நாளாக, வாழை வாடுகிறது."

பத்து நாள் எதற்கு? தண்ணீர் நின்று பத்து நாளா, வாழை வாடத் தொடங்கிப் பத்து நாளா? "தண்ணி நின்னு போச்சுங்க பத்து நாளா" என்று நேரில் சொல்லும்போது குரல் இறங்கும் இடமே பதில் சொல்லிவிடும். தாளில் அந்தக் குரல் கிடையாது. தண்ணீர் எத்தனை நாளாக வரவில்லை என்பதுதான் இந்த மனுவின் உயிர். அதுவே தெரியாமல் போகிறது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"மோகனூர் வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டது; பத்து நாளாக வாழை வாடுகிறது."

"மோகனூர் வாய்க்காலில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை; வாழை வாடுகிறது."

இரண்டும் வேறு வேறு செய்தி. உங்களுடையது எது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், படிக்கிறவர் அல்ல.

அரைப்புள்ளி சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை போதும். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் முற்றுப்புள்ளி வையுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனி வாக்கியமாக நின்றால் சரி. ஒரு பக்கம் அந்தரத்தில் தொங்கினால் தவறு. "விண்ணப்பம் கொடுத்துவிட்டு; மூன்று மாதம் காத்திருந்தேன்" என்று எழுதுகிறார்கள். "கொடுத்துவிட்டு" என்பது எச்சம், அங்கே வாக்கியம் முடியவில்லை. காற்புள்ளி வைக்கலாம், ஒன்றும் வைக்காமலும் விடலாம். வந்து, பார்த்து, கேட்டதால், போனாலும் என்று முடிகிற எதன் பின்னும் அரைப்புள்ளிக்கு வேலை இல்லை. தமிழில் செய்திகளை இணைக்கும் வேலையைப் பெரும்பாலும் இந்த எச்சங்களே பார்த்துவிடுகின்றன. அதனால்தான் ஆங்கிலக் கடிதத்தில் வருகிற அளவு அரைப்புள்ளி நம் மனுவில் வரத் தேவையில்லை.

வினைமுற்றில்தான் வாக்கியம் முடியும் என்பதும் இல்லை. "நிலம் என்னுடையது; பட்டா அண்ணன் பெயரில் இருக்கிறது." முதல் பாதியில் வினையே இல்லை. பெயர்ப் பயனிலையோடு அது முழுமையாக முடிந்துவிட்டது, அரைப்புள்ளி பொருந்துகிறது.

ஆனால், எனவே, ஆகையால் என்று தொடங்கும் வாக்கியத்தை முந்தையதோடு சேர்க்க வேண்டுமானால் அந்தச் சொல்லுக்கு முன்னால் அரைப்புள்ளி வையுங்கள்: "நில அளவைக்குப் பணம் கட்டிவிட்டேன்; ஆனால் இன்னும் அளக்க வரவில்லை." இங்கே காற்புள்ளி போதாது.

இரண்டும் முழு வாக்கியமாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. ஒன்றுக்கு ஒன்று காரணமாகவோ, எதிராகவோ, விளக்கமாகவோ இருக்க வேண்டும். "போர்வெல் வற்றிவிட்டது; மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள்" என்று எழுதினால் இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று தேட வைப்பீர்கள். அங்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டு அடுத்த பத்திக்குப் போங்கள்.

முழு வாக்கியங்களை இணைப்பது தவிர இன்னொரு வேலையும் இதற்கு உண்டு. "ஒருவந்தூர், வாழை, இரண்டு ஏக்கர்; மணப்பள்ளி, வெற்றிலை, ஐம்பது சென்ட்" என்று, உள்ளே காற்புள்ளி உள்ள பட்டியலைப் பிரிக்கலாம்.

ஓலைச் சுவடிகளில் இந்தக் குறிகள் எதுவும் இல்லை. பயனிலை கடைசியில் வருகிற மொழி என்பதால் வாசிக்கிறவர் வாக்கியம் முடிவதைச் சொல்லின் வடிவத்தை வைத்தே கண்டுகொண்டார். அச்சு வந்த பிறகே இவை தமிழ் உரைநடையில் பரவின. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) தம் உரைநடையிலும் பதிப்புகளிலும் இவற்றை முனைந்து கையாண்டவர். இதை வைத்து "தமிழுக்கு இவை தேவையில்லை" என்று சிலர் வாதிடுவதை நான் ஏற்கவில்லை. சுவடியை வாய்விட்டுப் படித்தார்கள், பாடம் சொல்ல ஆசிரியரும் பக்கத்தில் இருந்தார். மனுவைப் படிக்கும் எழுத்தர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து விளக்கப் போவதில்லை.

ஜெராக்ஸ் கடையில் டைப் செய்யக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் அரைப்புள்ளிக்கான விசையைத் தட்டினால் அரைப்புள்ளி வராது. மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளிதான் விழும். 'தமிழ்' என்பதன் 'ழ்' அந்த விசையால்தான் முடிகிறது. அதனால் நீங்கள் கையால் எழுதிக் கொடுத்த தாளில் இருந்த அரைப்புள்ளி, அச்சான தாளில் காற்புள்ளியாக மாறியிருக்கலாம், அல்லது காணாமலே போயிருக்கலாம். யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன் தாளை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, விடுபட்ட இடத்தில் பேனாவால் குறியை வையுங்கள். முந்தைய சொல்லோடு ஒட்டியும், அடுத்த சொல்லுக்கு முன் இடம் விட்டும் வையுங்கள். நகலிலும் அதையே செய்யுங்கள்.