கறிக்கோழிக்கு ஊசியா, தீவனமா?

கறிக்கோழியை அறுத்ததும் வயிற்றுக்குள் மஞ்சளாகத் திரண்டிருக்கும் கொழுப்பைக் கடைக்காரர் வழித்து ஓரமாகப் போடுவார். வாங்க வந்தவர் வாயில் உடனே வருவது, "எல்லாம் ஹார்மோன் ஊசிங்க!" கறிக்கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போன பல்லடத்திலும் இந்தப் பேச்சுக்குக் குறைவில்லை.

ஊசிக் கதை கணக்கிலேயே உதைக்கும். வளர்ச்சி ஹார்மோன் உடம்பில் நெடுநேரம் தங்காது. திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஆயிரக்கணக்கில் கோழி நிற்கும் கொட்டகையில் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட எந்தப் பண்ணைக்காரருக்குக் கட்டுப்படியாகும்? தீவனத்தில் கலந்தாலோ, அது புரதம் என்பதால் குடலிலேயே செரித்துப்போகும்.

கோழி வேகமாக வளர முக்கியக் காரணம் இனத்தேர்வு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆண்டுகளின் இனங்களை ஒரே தீவனத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாள் எடை: 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம்!

சரி, கொழுப்பு? அது தீவனத்தில் மக்காச்சோளத்துக்கும் சோயா புண்ணாக்குக்கும் இடையே நடக்கும் பாகப்பிரிவினை. மக்காச்சோளத்தில் புரதம் 8, 9 சதவீதம்தான். லைசின், டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலங்களும் அதில் குறைவு. 1914இல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஆஸ்போர்னும் மெண்டலும் மக்காச்சோளத்தின் ‘சீன்’ புரதத்தை மட்டும் கொடுத்து எலிகளை வளர்த்தார்கள். எலிகள் மெலிந்தன. டிரிப்டோபேன் சேர்த்ததும் மெலிவு நின்றது. லைசினும் சேர்ந்த பிறகே வளர்ந்தன.

கோழிக்கு லைசினை ஈடுகட்டுவது சோயா. அதன் விலை ஏறுகிறதென்று அளவைக் குறைத்து மக்காச்சோளத்தைக் கூட்டினால், தசையாக மாறப் புரதம் போதாது. மிஞ்சும் மாவுச்சத்தை ஈரல் கொழுப்பாக்கிவிடும். அது வயிற்றில் போய்ச் சேரும். புரதத்தைக் கூட்டினால் ஈரலின் இந்த வேலை மந்தப்படும். அந்த மஞ்சள் நிறமும் பெரும்பாலும் மக்காச்சோள நிறமிதான்.

"எண்ணெய் தின்றால்தான் கொழுப்பு ஏறும்" என்பது இன்னொரு நம்பிக்கை. அதுவும் சரியில்லை. லைசினும் திரியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் குறைந்த உணவைத் தின்ற எலிகளின் ஈரலில் கொழுப்பு தேங்கியதை 1950களின் ஆய்வுகளே காட்டிவிட்டன. இதை அப்படியே மனிதருக்குப் பொருத்திச் சோயா மாவு விற்பவர்களை நம்ப வேண்டியதில்லை. கோழி கொழுப்பைப் பெரும்பாலும் ஈரலில் உண்டாக்குகிறது. எலிக்குக் கொழுப்புத் திசுவும் அந்த வேலையைச் செய்கிறது. உயிருக்கு உயிர் கணக்கு மாறும்.

பண்ணைக்காரரிடம் கேட்க உருப்படியான கேள்வி வேறு இருக்கிறது: நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டினைக் கோழிகளுக்கும் தீவனத்துக்கும் விற்க 2019இல்தான் மத்திய அரசு தடை போட்டது.