முதல் பக்கத்தில் முடிவு

நாவல் ஒன்றைப் படித்து முடித்த பிறகு அதன் முதல் பக்கத்தை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். முதலில் படித்தபோது சாதாரணமாகத் தோன்றிய ஒரு மழை, ஒரு வீடு, ஒரு பயணம் இப்பொழுது வேறு பொருள் தரும். கதையின் முடிவு அங்கேயே விதையாக ஊன்றப்பட்டிருந்ததை அப்போதுதான் உணர்வோம்.

பின்னர் நிகழவிருப்பதை ஆசிரியர் முன்கூட்டியே உணர்த்தும் இந்த உத்தியை முன்னுணர்த்தல் எனலாம். நடந்து முடிந்தவற்றைப் பாத்திரம் நினைத்துப் பார்ப்பது பின்னோக்கு உத்தி. நடக்கவிருப்பதை நோக்கி வாசகரை ஆயத்தப்படுத்துவது முன்னுணர்த்தல். இதை இரு வகையாகச் செய்யலாம். ஒன்று, குறிப்பாக உணர்த்துவது. மற்றொன்று, வெளிப்படையாகவே சொல்லிவிடுவது.

குறிப்பாக உணர்த்துதல்

கல்கி 1950ஆம் ஆண்டில் தொடராக எழுதத் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ முதல் வகைக்கு நல்ல சான்று. கதையின் தொடக்கத்தில் வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகையில் ஓர் இரவு தங்குகிறான். அங்கே கூடிய சிற்றரசர்கள் மதுராந்தகனை அரியணையில் ஏற்றத் திட்டமிடுவதை மறைந்திருந்து கேட்கிறான். அடுத்து என்ன ஆகுமோ என்ற ஆவல்தான் அப்போது நமக்கு எழுகிறது.

ஐந்து பாகங்களையும் படித்து முடித்தபின் அந்த இரவை எண்ணிப் பாருங்கள். இளவரசன் ஆதித்த கரிகாலன் இறப்பது அதே கடம்பூர் மாளிகையில்தான். முடிவில் முடிசூடுபவரும் மதுராந்தகர் என்ற பெயருக்கு உரியவரே. ஆனால், அது சிற்றரசர்களின் சதியால் நிகழவில்லை. அருள்மொழிவர்மனின் தியாகத்தால் நிகழ்கிறது. தொடக்கத்தில் கேட்ட சொல் முடிவில் மெய்யாகிறது. மெய்யாகும் விதம் மட்டும் நாம் எதிர்பாராதது. நல்ல முன்னுணர்த்தலின் இயல்பு இதுவே.

தோட்டத்து மழை

குறிப்பு என்பது அரண்மனையிலோ சதியிலோதான் இருக்க வேண்டும் என்பதில்லை. பேராக் மாநில ரப்பர் தோட்டம் ஒன்றில் நிகழும் கதையை நீங்களே எழுதுவதாக வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் லயத்துக் கூரையின்மேல் மழை விழும் ஓசையோடு கதை தொடங்குகிறது. பட்டணத்து வாசகருக்கு அது இனிமையான காட்சி. பால்மரம் சீவியவர்களுக்கோ அதன் பொருள் வேறு. மரப்பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டுக்கோட்டின் வழியே மங்கில் இறங்காது. பட்டையெங்கும் பரவி வீணாகும். சீவ முடியாத நாளில் வருமானம் குறையும். ஆக, முதல் வரியில் பெய்த மழை பத்தாம் அத்தியாயத்தில் வரவிருக்கும் கடனுக்கும் பசிக்கும் முன்னறிவிப்பாகிவிடுகிறது.

இன்னொரு தொடக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். ஒரு பாட்டி லயத்தின் பின்புறம் தான் நட்ட முருங்கைக்கு நீர் ஊற்றுகிறார். மரம் அவர் நட்டது. மண் தோட்ட நிர்வாகத்துக்கு உரியது. இந்த ஒரு செய்தி போதும். ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்படும் நாளில், அல்லது தோட்டமே வீடமைப்புப் பகுதியாக மாறும் நாளில், பாட்டி எதை விட்டுவிட்டுப் போவார் என்பதை வாசகர் மனம் முன்பே அறிந்திருக்கும். ஆசிரியர் எங்கும் ‘பாட்டி வருந்தினார்’ என்று எழுத வேண்டியதில்லை.

ஈப்போவில் ஒரு வீடு

இரண்டாம் வகைக்கு நம் ஈப்போ நகரத்திலேயே ஒரு சான்று உண்டு. பேராக்கில் பிறந்து ஈப்போவில் வளர்ந்த எழுத்தாளர் பிரீத்தா சமரசன் ஆங்கிலத்தில் எழுதிய ‘ஈவ்னிங் இஸ் த ஹோல் டே’ என்ற நாவல் 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. ‘நாளெல்லாம் மாலைப்பொழுது’ என்று அத்தலைப்பைத் தமிழில் கூறலாம். ஈப்போவில் வாழும் வசதியான தமிழ் வழக்கறிஞர் ஒருவரின் குடும்பமே கதையின் களம்.

நாட்டின் நிலவமைப்பையும் மழையையும் காட்டியபடி தொடங்கும் நாவல், 1980ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தின் ஒரு நாளுக்கு வந்து நிற்கிறது. ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து அந்த வீட்டில் வேலை செய்த செல்லம் என்ற பெண் வெளியேற்றப்படுகிறாள். அவளை அழைத்துப் போகத் தந்தை வந்திருக்கிறார். அவள் செய்த குற்றம் என்ன என்பது வாசகருக்குத் தெளிவாகச் சொல்லப்படுவதில்லை. அவளுக்கு வயது பதினெட்டு. அவ்வீட்டின் மூத்த மகள் உமாவுக்கும் அதே வயதுதான். அந்த உமா சற்று முன்னர்தான் மேற்படிப்புக்காக அமெரிக்காவுக்கு விமானம் ஏறியிருக்கிறாள்.

ஒரே வயதுடைய இரண்டு பெண்கள் ஒரே வீட்டை விட்டுப் போகிறார்கள். ஒருத்தியின் பயணம் வாழ்வைத் தேடி. மற்றொருத்தியின் பயணம் பழியைச் சுமந்து. தொடக்கத்திலேயே வைக்கப்பட்ட இந்த முரண்தான் நாவல் முழுவதையும் தாங்குகிறது.

அத்துடன் ஆசிரியர் நிற்கவில்லை. செல்லம் இன்னும் ஓராண்டில் இறந்துவிடுவாள் என்பதையும் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறார். அவள் இறப்புக்குத் தந்தை ஒரு காரணம் கூறுவார். ஊரார் வேறொரு காரணம் கூறுவர். அவள் தரப்பைக் கூற அவள் மட்டும் இருக்க மாட்டாள். இதன் பின்னர்க் கதை பின்னோக்கி நகர்கிறது. செல்லம் அந்த வீட்டுக்குள் முதன்முதலாக அடியெடுத்து வைக்கும் காட்சி நாவலின் முடிவை ஒட்டித்தான் வருகிறது. அங்கே அவள் நம்பிக்கையோடு நுழைகிறாள். அவள் எப்படி வெளியேறப் போகிறாள் என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. வருகை என்ற மகிழ்ச்சியான நிகழ்வே நம் நெஞ்சைக் கனக்கச் செய்வது இதனால்தான்.

முடிவு தெரிந்தும் ஏன் படிக்கிறோம்?

முடிவைச் சொல்லிவிட்டால் கதையின் சுவை கெட்டுவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். தமிழ் மரபு இதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே விடை தந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தின் பதிகம், கோவலன் கொலையுண்டதையும் கண்ணகி வழக்குரைத்ததையும் காப்பியத்துக்கு முன்னரே கூறிவிடுகிறது. ஆயினும், கோவலன் சிலம்பை விற்க மதுரை வீதியில் நடக்கும்போது ‘போகாதே’ என்று நம் மனம் பதறுகிறது. முடிவை அறிந்திருப்பதாலேயே அந்தப் பதற்றம் பிறக்கிறது.

முடிவு மறைந்திருக்கும்போது ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்று கேட்கிறோம். முடிவு தெரிந்துவிட்டால் கேள்வி மாறுகிறது. ‘ஏன் இப்படி நடந்தது? யார் தடுத்திருக்கலாம்? யார் உண்மையை மறைத்தார்கள்?’ என்று கேட்கத் தொடங்குகிறோம். ஈப்போ நாவலைப் படிப்பவர் ஒவ்வொரு பக்கத்திலும் இதைத்தான் தேடுகிறார். அந்த வீட்டில் பாட்டி ஒருவர் சில வாரங்களுக்கு முன் இறந்திருக்கிறார். ஆறு வயதுச் சிறுமி ஆஷா பல காட்சிகளைக் கண்டிருக்கிறாள். உண்மையை அறிந்தவர்கள் பேசியிருந்தால் செல்லத்தின் கதை எப்படி மாறியிருக்கும்? விடையை நாவலைப் படித்துத்தான் அறிய வேண்டும். ஆனால், ஒன்றைச் சொல்லலாம்: தன் தரப்பைச் சொல்ல வழியில்லாத ஒரு பெண்ணுக்காக வாசகர் சாட்சியாகிறார். தொடக்கத்திலேயே முடிவைச் சொன்ன உத்தி நமக்குத் தரும் பொறுப்பு அது.

தலைப்பும் ஒரு முன்னுணர்த்தலே. அது குறுந்தொகையின் 234ஆம் பாடலிலிருந்து வந்தது. மிளைப்பெருங்கந்தன் பாடிய அப்பாடலில், கதிரவன் மறையும் வேளையை மட்டும் மாலை என்பவர் அறியாதவர் என்கிறாள் தலைவி. துணையைப் பிரிந்தவர்க்கு விடியலும் பகலும்கூட மாலைதான் என்பது அவள் கருத்து. நாவலில் வருவோர் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் தனித்தனியே தவிக்கிறார்கள். அட்டையைப் பார்த்த கணத்திலேயே அந்தத் தனிமை நமக்கு அறிவிக்கப்பட்டுவிட்டது. சங்கப் பாடலில் நிலமும் பொழுதும் முதற்பொருளாக நின்று உணர்வைக் குறிப்பதைப் பாடங்களில் கற்றிருப்பீர்கள். நிலத்தையும் மழையையும் சொல்லித் தொடங்கும் நாவல் அந்த மரபுக்கு அந்நியமானதன்று.

எவ்வாறு கண்டறிவது?

முதல் அத்தியாயத்தில் உள்ள எல்லாச் செய்திகளும் முன்னுணர்த்தல் ஆகிவிடா. சில செய்திகள் காட்சியைத் துலக்குவதற்காக மட்டுமே வரும். ஒரு செய்தியை முன்னுணர்த்தல் என்று கூறுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அச்செய்தியோ அதைப் போன்றதொரு நிகழ்வோ கதையில் மீண்டும் வருகிறதா? முடிவை அறிந்தபின் அதன் பொருள் மாறுகிறதா? அதை நீக்கிவிட்டால் முடிவின் வலிமை குறைகிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால், உங்கள் கருத்துக்குக் கதையிலேயே சான்று கிடைத்துவிட்டது.

இலக்கியத் தேர்வில் உத்தியின் பெயரை எழுதுவதோடு நின்றுவிடாதீர்கள். தொடக்கத்தில் எந்தச் செய்தி வந்தது, முடிவில் அது எவ்வாறு நிறைவேறியது, அதனால் வாசகர் உள்ளத்தில் என்ன மாற்றம் நேர்ந்தது என்று மூன்றையும் இணைத்து எழுதுங்கள். மூன்றாவதை விளக்கும்போதுதான் உங்கள் விடை முழுமை பெறும்.

சிந்தித்து விடையளிக்க

1. குறிப்பாக உணர்த்துவதற்கும் வெளிப்படையாகச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டைச் சான்றுடன் விளக்குக.

2. தோட்ட மக்களின் வாழ்வில் மழை எதை முன்னுணர்த்தக்கூடும்? காரணம் கூறுக.

3. செல்லம், உமா ஆகிய இருவரின் பயணங்களையும் ஆசிரியர் தொடக்கத்திலேயே அருகருகே வைத்ததன் நோக்கம் யாது?

4. ‘முடிவை அறிந்த வாசகர் சாட்சியாகிறார்’ என்னும் கூற்றை நீ ஏற்கிறாயா? உன் கருத்தை எழுதுக.

5. நீ பயிலும் நாவலின் முதல் அத்தியாயத்திலிருந்து ஒரு செய்தியைத் தேர்ந்தெடுத்து, மேற்கண்ட மூன்று கேள்விகளின் துணையோடு ஆராய்க.