இருபது லிட்டர் வேண்டாம், ஐந்து போதும்

திருவனந்தபுரம் கரமனையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அறுபதைக் கடந்தவர். சிங்கப்பூரில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, வீட்டிலேயே பியர் போடுவதை மகனோடு சேர்ந்து கற்றுக்கொண்டாராம். ஊருக்குத் திரும்பியும் அந்த ஆசை போகவில்லை. ஆனால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, முழங்கால் மடங்க மறுக்கிறது, சமையலும் துணியும் பாத்திரமும் அவர் தலையில்தான். “இங்கே போடலாமா? போடலாம் என்றால் இந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படி?” என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்கு நீட்டி முழக்காமல் சொல்லிவிடுகிறேன். இங்கே கூடாது. கேரளத்தில் இன்றும் நடப்பில் இருப்பது கொல்லம் ஆண்டு 1077-இன் அப்காரிச் சட்டம். ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் அதன் கணக்கில் மதுதான். உரிமம் இல்லாமல் தயாரித்தால் 55-ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கலாம். விற்கவில்லை, குடும்பத்துக்கு மட்டும்தான் என்பது சமாதானம் ஆகாது. கிறிஸ்துமஸ் ஒயின் வீட்டுக்கு வீடு போடுகிறார்களே என்பீர்கள். 2019 டிசம்பரில் கலால் துறை அதற்கே எச்சரிக்கை விட்டு, ஊரெல்லாம் பேச்சானது. அக்கம்பக்கத்தார் செய்கிறார்கள் என்பதை நம்பி நீங்கள் இறங்க வேண்டாம். எல்லையைத் தாண்டி நாகர்கோவிலுக்குப் போனாலும் கதை மாறாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது.

மகன் வீட்டு நிலைமை வேறு. சிங்கப்பூரில் 18 வயதானவர்கள் சொந்தக் குடிப்புக்காக, ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமலே போடலாம். விற்கக்கூடாது, காய்ச்சி வடிக்கக்கூடாது. பிரிட்டனில் 1963 முதல் வீட்டு பியருக்கு உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டு பியருக்கு வரிவிலக்கு தந்தது. ஆகவே அடுத்த முறை மகனிடம் போகும்போது செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன். கரமனையில் என்ன செய்யலாம் என்பது அதற்கப்புறம்.

நீங்கள் அனுப்பிய குறிப்பைப் பார்த்தேன். மகன் போடுவது இருபது லிட்டர். உங்கள் இடுப்பு பிடித்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இந்த அளவு அமெரிக்கர்களின் ஐந்து காலன் கணக்கிலிருந்து வந்தது. கிட்டும் புத்தகமும் பாத்திரமும் அந்த அளவுக்கே வருவதால் எல்லோரும் யோசிக்காமல் அதையே போடுகிறார்கள். இருபது லிட்டர் வோர்ட், அதாவது நொதிக்காத மால்ட் சாறு, எவர்சில்வர் பானையோடு சேர்த்து இருபத்தைந்து கிலோவைத் தொடும். நிறைந்த சமையல் காஸ் சிலிண்டரைவிட நாலைந்து கிலோதான் குறைவு. அதிலும் கொதிக்கக் கொதிக்க இருக்கும். சிலிண்டரைத் தூக்கமாட்டேன் என்பவர் இதை மட்டும் ஏன் தூக்க வேண்டும்?

ஐந்து லிட்டராகக் குறையுங்கள். பத்துப் பன்னிரண்டு லிட்டர் பிடிக்கும் பானை ஒன்று, துணிப்பை ஒன்று, குழாய் வைத்த பிளாஸ்டிக் வாளி ஒன்று இருந்தால் போதும். உடைத்த பார்லி மால்ட் ஒன்றேகால் கிலோவைத் துணிப்பையில் போட்டு, 66, 67 டிகிரி சூட்டில் ஏழெட்டு லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவது இந்த ஒரு மணி நேரத்தில்தான். அடுப்பை அணைத்து, மூடி போட்டு, பழைய கம்பளியைச் சுற்றிவிட்டால் பக்கத்தில் நிற்கவே வேண்டாம். துணி உலர்த்தலாம், காய் நறுக்கலாம். கால்நீட்டி உட்காருவது உத்தமம்.

பையை எடுக்கும்போது கவனம். தண்ணீர் குடித்த தானியம் இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். ஈரமும் சூடும் சேர்ந்து குனிந்த நிலையில் இழுத்தால் இடுப்பு அங்கேயே பிடிக்கும். பானையின் வாய்மேல் சல்லடையை வைத்து, பையைச் சற்றே உயர்த்தி அதன்மேல் சாய்த்துவிடுங்கள். தானாக வடியட்டும், பிழியாதீர்கள்.

அடுத்து ஒரு மணி நேரம் கொதி. கொதி தொடங்கியதும் கசப்புக்காக ஐந்து கிராம் ஹாப்ஸ் பூ போடுவீர்கள். அந்த முதல் பதினைந்து நிமிடத்தில் மட்டும் அடுப்படியை விட்டு நகரக்கூடாது. நுரை பொங்கி வழிந்தால், அடுப்பைத் தேய்க்கும் வேலை நாளைய முதுகுவலி. மீதி முக்கால் மணி நேரம் சாம்பார் கொதிப்பதைப் பார்க்கும் அதே ஓரக்கண் போதும்.

மகன் குறிப்பில் எனக்குப் பிடிக்காத வரி ஒன்று உண்டு: கொதித்த பானையைத் தூக்கி ஐஸ் நிறைந்த தொட்டியில் வைப்பது. அதைச் செய்யாதீர்கள். மூடியை இறுக்கி, பானையை அடுப்பிலேயே இரவு முழுக்க ஆறவிடுங்கள். சாதாரண ஏல் ஈஸ்ட்டுக்கு இருபது டிகிரி தேவை. சிங்கப்பூரிலும் நம் ஊரிலும் குளிர்பெட்டி இல்லாமல் அது நடக்காது. அதற்காகவே கிவைக் என்ற நார்வே கிராமத்து ஈஸ்ட்டைச் சொல்கிறேன். முப்பதிலிருந்து நாற்பது டிகிரி வரை சந்தோஷமாக வேலை செய்யும். ஃபிரிட்ஜில் வாளியை ஏற்றுவதும் இறக்குவதும் மிச்சம். நாலைந்து நாளில் நொதிப்பும் அடங்கிவிடும்.

காலையில் வாளியை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் இடுப்பின் எதிர்காலம் இருக்கிறது. காலி வாளியை முதலிலேயே ஒரு நாற்காலிமேல் வைத்து, இனி அசைக்கப்போவதில்லை என்று முடிவு செய்யுங்கள். அடுப்பு மேடையிலிருக்கும் பானையிலிருந்து சைஃபன் குழாய் வழியாகச் சாறு தானே இறங்கும். சைஃபன் இல்லாவிட்டால் கிருமி நீக்கிய குவளையால் மொண்டு ஊற்றுங்கள். ஈஸ்ட்டைத் தூவி மூடுங்கள். பாட்டிலில் பிடிக்கும் நாளில் வாளி நாற்காலியிலேயே இருக்கட்டும். நீங்கள் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, வாளியின் குழாயைத் திறந்து பிடியுங்கள். ஒருமுறைகூடத் தூக்க வேண்டியிராது.

பாட்டில் விஷயத்தில் அழகு பார்க்க வேண்டாம். 330 மில்லி கண்ணாடி பாட்டில் என்றால் பதினைந்தைக் கழுவி, பதினைந்துக்கும் மூடியை நெம்புகோலால் அழுத்த வேண்டும், மணிக்கட்டு போய்விடும். திருகுமூடி போட்ட சோடா பெட் பாட்டில்கள் நாலைந்தில் வேலை முடியும். அதை அமுக்கிப் பார்த்தே உள்ளே வாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரைக்கு மேல் போடாதீர்கள். நொதிப்பு அடங்கியதா என்று ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். மூன்று நாள் ஒரே எண் நின்ற பிறகே பாட்டிலுக்குப் போக வேண்டும். அவசரப்பட்டுக் கண்ணாடியில் அடைத்தால் வெடிக்கும். சில்லு முகத்தில் பாய்ந்தவர்கள் உண்டு.

பியர் போடுவது பெரும்பாலும் பாத்திரம் கழுவும் வேலை. யாரும் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை. மகன் காய்ச்சினால் மகனே கழுவட்டும், மருமகள் தலையில் போடவேண்டாம், உங்கள் தலையிலும் வேண்டாம். பயன்படுத்திய உடனே தண்ணீர் ஊற்றி ஊறவிட்டால் தேய்க்கும் வேலை பாதியாகும். காய்ச்சும் நாளில் பெரிய சமையல் வைத்துக்கொள்ளாதீர்கள். மாலையில் காய்ச்சுவது, மறுநாள் காலையில் ஈஸ்ட், வார இறுதியில் பாட்டில் என்று பிரித்தால், ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்காது.

காத்திருப்பதுதான் இந்தக் கலையின் பெரும்பகுதி என்று பெரும்பாணாற்றுப்படைக்கே தெரியும். அரிசிக் களியைத் துழாவி, அகன்ற வாய்ப் பிழாவில் ஆறவைத்து, அடை சேர்த்துப் பிசைந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு எடுக்கும் முறையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வரிசை பிசகாமல் சொல்கிறார். முதலில் ஆறவைப்பது, பிறகு நொதியூட்டுவது, பிறகு சும்மா இருப்பது. இன்றும் அதே வரிசைதான். சாடியை யார் தூக்கினார்கள், யாருக்கு இடுப்பு பிடித்தது என்று மட்டும் அவர் எழுதவில்லை.

இனி மாத்திரை. வலிக்கு டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எடுப்பவர் கூடவே பியரும் குடித்தால் வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு கூடும். பாராசிட்டமாலைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டு குடிப்பது கல்லீரலுக்குக் கேடு. பிரெகாபலின், டிசானிடின் போன்றவை ஏற்கெனவே மயக்கம் தரும். மேலே பியர் சேர்ந்தால் குளியலறையில் விழுவீர்கள். கால் பெருவிரலோ முழங்காலோ திடீரென்று சிவந்து வீங்கி வலித்தால் யூரிக் அமிலத்தைப் பாருங்கள். கௌட் உள்ளவருக்கு மது வகைகளிலேயே பியர் மோசமானது. நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. உடம்பு வலிக்கு என்று தசமூலாரிஷ்டம் குடிப்போம், அதைக் குடிப்பழக்கக் கணக்கில் சேர்க்கமாட்டோம். அரிஷ்டமும் ஆசவமும் நொதித்து வருபவை, அவற்றிலும் ஆல்கஹால் இருக்கிறது. மருத்துவர் கேட்கும்போது அதையும் சொல்லுங்கள். காலில் மரத்துப்போவது, சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது போன்றவை இருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றே மெடிக்கல் காலேஜுக்குப் போங்கள்.

சரி, கரமனையில் என்ன செய்வது? கை சும்மா இருக்காது என்றால் கள்ளப்பம் இருக்கிறது. நொதிப்பின் சுகம் முழுவதும் அதில் உண்டு. உரிமம் பெற்ற ஷாப்பில் கள் வாங்கலாம். ஒருவர் கையில் ஒன்றரை லிட்டர் வரை வைத்திருக்க அனுமதி. இரண்டு கப் பச்சரிசிக்கு அரை கப் கள்ளே தாராளம். திருவனந்தபுரத்துச் சூட்டில் ராத்திரி கரைத்தால் விடிவதற்குள் பொங்கி நிற்கும். பாத்திரத்தில் பாதி இடம் காலியாக விடுங்கள். கல்லில் சுட்டால் ஆல்கஹால் பெரும்பாலும் பறந்துவிடும். இங்கும் இடுப்புக்கு ஒரே விதிதான்: கிரைண்டர் பானையை மாவோடு தூக்கிக் கவிழ்க்காமல், அகப்பையால் மொண்டு எடுங்கள். கிரைண்டரைத் தரையில் வைத்திருப்பவர்கள் இன்றே மேடைக்கு ஏற்றுங்கள். அதைத் தூக்கி வைக்கவும் வேறு யாரையாவது கூப்பிடுங்கள்.

குடிக்க ஏதாவது வேண்டும் என்றால் இஞ்சி ஒயின். பெயரில்தான் ஒயின். கால் கிலோ இஞ்சியைத் தட்டி, இரண்டு லிட்டர் தண்ணீரில் நாலு காய்ந்த மிளகாய், பட்டை, கிராம்போடு அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். முக்கால் கிலோ சர்க்கரை சேர்த்து மறுபடி ஒரு கொதி. கருக்கிய சர்க்கரை இரண்டு கரண்டி நிறத்துக்கு. ஆறியதும் மூன்று எலுமிச்சைச் சாறு. சோடாவில் கலந்து குடித்தால் இஞ்சியின் உறைப்பும் பியரின் குமிழியும் கிடைக்கும். நீரிழிவு இருந்தால் இதுவும் உங்களுக்கு வேண்டாம். ஈஸ்ட் போடக்கூடாது, வெளியில் வைக்கக்கூடாது, ஃபிரிட்ஜில் வையுங்கள். மூடியைத் திறக்கும்போது நுரைத்தால் நொதிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள், கொட்டிவிடுங்கள்.

கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் கேட்டிருந்தீர்கள்: மகன் தந்த ஈஸ்ட் பாக்கெட்டும் ஹாப்ஸும் அலமாரியில் இருக்கின்றன, வைத்துக்கொள்ளலாமா என்று. மது தயாரிக்கும் நோக்கத்தோடு பொருளும் கருவியும் வைத்திருப்பதையும் அதே 55-ஆம் பிரிவு குற்றமாகத்தான் வைத்திருக்கிறது. ஈஸ்ட்டை இந்த ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்குப் போட்டுத் தீர்த்துவிடுங்கள். ஹாப்ஸைக் குப்பையில் போடுங்கள். அடுத்த பியரை மகன் வீட்டிலேயே போட்டு, அங்கேயே குடித்துவிட்டு வாருங்கள்.