நாய் உறுமினால் அடிக்கலாமா?

இங்கிலாந்தில் எமது குடும்பங்கள் நாய் வளர்ப்பது இப்பொழுது சாதாரணமாகி வருகின்றது. 2020 ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில் பிள்ளைகளின் ஆசைக்காக வாங்கிய குட்டிகள் பல இன்று வளர்ந்த நாய்களாகிவிட்டன. ஊரில் நாய் முற்றத்தில் படுத்தது. படலையடியில் நிற்பவரைப் பார்த்துக் குரைப்பதே அதன் வேலை. இங்கோ அது செற்றியில், பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் படுக்கின்றது. சிறு பிள்ளைகளைக் கடிப்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்த நாய்தான். அவர்களின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருப்பதால் கடியும் அதிகமாக முகத்திலும் கழுத்திலும் விழுகின்றது.

கடிபட்ட பிள்ளையைக் கூட்டிவரும் பெற்றோர் "ஒரு காரணமும் இல்லாமல் திடீரெனக் கடித்துவிட்டது" என்றே எம்மிடம் சொல்வார்கள். விசாரித்துப் பார்த்தால் நாய் பல தடவை எச்சரித்திருக்கும். பயந்த நாய் முதலில் முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், உடம்பு விறைத்து அசையாமல் நிற்கும். இவற்றை ஒருவரும் கவனிக்காதபோது உறுமும். கடி அதற்குப் பிறகுதான். வாலாட்டுவதெல்லாம் நட்பு அல்ல. விறைத்த உடம்போடு ஆடும் வால் பதற்றத்தையும் காட்டும். "குரைக்கிற நாய் கடிக்காது" என்ற பழமொழியைத் தயவுசெய்து இந்த விடயத்தில் நம்பவேண்டாம்.

உறுமும் நாய்க்கு அடிப்பதுதான் எம்மவர் பலர் செய்யும் முதல் வைத்தியம். அடித்தால் உறுமல் நிற்கலாம், பயம் நிற்காது. அடுத்த முறை அது உறுமாமலே கடிக்கும். அமெரிக்காவில் 2009 இல் வெளியான ஓர் ஆய்வில், தமது நாய்க்கு அடித்த அல்லது உதைத்த உரிமையாளர்களில் 43 வீதமானோர் நாய் அதற்கு மூர்க்கமாகவே பதில் தந்ததாகக் கூறியிருந்தனர். "யார் எசமான் என்று நாய்க்குக் காட்டவேண்டும்" என்ற கொள்கை, அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து ருடோல்ஃப் ஷென்கெல் 1947 இல் எழுதியதிலிருந்து வந்தது. அதைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவரான டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தகப்பனும் குட்டிகளும் கொண்ட குடும்பமே என்று 1999 இல் திருத்தி எழுதினார்.

அமைதியாக இருந்த நாய் புதிதாக உறுமத் தொடங்கினால் முதலில் மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும். காதில் புண், பல்வலி, மூட்டுவாதம் போன்ற நோவுகள் வெளியே தெரியாது. பிள்ளை கட்டிப்பிடிக்கும்போது நாய்க்குத்தான் தெரியும்.

சாப்பாட்டுத் தட்டுக்கு அருகில் போனால் உறுமும் நாயிடமிருந்து தட்டைப் பறித்துப் பழக்குவதாகச் சிலர் சொல்கின்றனர். இது நாயின் சந்தேகத்தை உறுதிப்படுத்துவதாகும். மாறாக, நாய் அமைதியாக இருக்கும் தூரத்தில் நின்று நல்ல கோழித் துண்டொன்றை அதன் பக்கம் போட்டுவிட்டு விலகிச் செல்லுங்கள். நாட்கள் செல்லச் செல்ல, ஓரோர் அடியாக நெருங்கலாம். ஆள் வந்தால் நல்லது நடக்கும் என்று அது படிப்படியாகக் கற்கும். விறைத்தால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள், பின்னுக்குப் போங்கள். இதைப் பெரியவர்களே செய்யவேண்டும். பிள்ளைகள் சாப்பிடும் நாயையும் தூங்கும் நாயையும் தொடவே கூடாது. ஐந்து நிமிடமானாலும் சிறு பிள்ளையையும் நாயையும் தனியே விடாதீர்கள்.

பிறந்தநாளுக்கு நாற்பது பேர் வருவார்கள். ஊரிலிருந்து வந்த அம்மம்மா கையில் தட்டோடு "ச்சீ, அங்கால போ" என்று கையை ஓங்குவா. அம்மம்மாவில் பிழையில்லை, நாயிலும் பிழையில்லை. அன்று நாய் மேல்மாடி அறையில், கதவு பூட்டி, மெல்லுவதற்கு ஏதாவது பொருளோடு இருக்கட்டும். கூடை போன்ற வாய்க்கூட்டையும் முன்கூட்டியே சிறிது சிறிதாகப் பழக்கி வைத்திருப்பது நல்லது.

இங்கு எவரும் தம்மை நாய்ப் பயிற்சியாளர் என்று அழைத்துக்கொள்ளலாம். ஆகவே மிருக வைத்தியர் அனுப்பும் நடத்தை நிபுணரிடமே செல்லுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட தடவை ஆழமாகக் கடித்த நாயும் தவழும் பிள்ளையும் ஒரே வீட்டில் இருப்பது எமக்குச் சரியாகப் படவில்லை. அதைப் பிள்ளைகளிடம் சொல்வது கடினம்தான்.

1991 ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டம் 2014 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உங்கள் வீட்டுக்குள்ளும் செல்லுபடியாகும். நாய் கடிக்காவிட்டாலும், கடித்துவிடுமென ஒருவர் நியாயமாக அஞ்சும் நிலை ஏற்பட்டாலே அது குற்றமாகலாம்.

கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் வேண்டாம். கை, முகம், மூட்டு ஆகியவற்றில் பட்ட கடியையும், ஆழமாகப் பல் இறங்கிய காயத்தையும் அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும். நீரிழிவு உள்ளவர்களும் மண்ணீரல் அகற்றப்பட்டவர்களும் சிறு கடியையும் அலட்சியம் செய்யக்கூடாது. ஏற்புவலித் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்பதையும் சொல்லுங்கள்.

இங்குள்ள நாய்களிடம் விசர் நோய் இல்லை. இலங்கையிலும் இந்தியாவிலும் இருக்கின்றது. இங்கு நாயோடு வளர்ந்த பிள்ளை விடுமுறையில் ஊருக்குப் போனால் தெருவில் நிற்கும் குட்டியையும் தடவப் போகும். அங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். லண்டன் திரும்பிப் பார்ப்போம் என்று நாள் கடத்தவேண்டாம். நோய்க்குறி தோன்றிய பின் உயிர் தப்புவது மிக அரிது. போட்ட ஊசிகளின் திகதியை எழுதி வாங்கி வந்தால் மீதியை இங்கு தொடரலாம்.