மலிவு எங்கே இருக்கு? கணக்குப் போட்டுப் பார்ப்போம்



இந்த மாதப் பாடம் சாமான் வாங்குவதைப் பற்றியது. "இதுல படிக்க என்ன இருக்கு?" என்று கேட்காதீர்கள். மாதக் கடைசியில் வீட்டில் என்ன மிஞ்சும் என்பதைச் சம்பளம் மட்டும் முடிவு செய்வதில்லை. எதை, எங்கே, எப்படி வாங்குகிறோம் என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

எங்கள் செடெனாக், குலாய் மாவட்டத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. இப்போது பக்கத்திலேயே தரவு மையங்களும் வந்துவிட்டன. தெற்கே போனால் ஜொகூர் பாரு, பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். டாலரில் சம்பளம் வாங்குபவரும் ரிங்கிட்டில் வாங்குபவரும் இங்கே ஒரே கடை வரிசையில் நிற்கிறார்கள். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. மணிக்கு 8.17 ரிங்கிட். கிளந்தானுக்கும் அதே, ஜொகூருக்கும் அதே. ஆனால் வாழ்க்கைச் செலவு ஊருக்கு ஊர் மாறுகிறது. ஊழியர் சேமநிதி வாரியம் 2019-இல் கிள்ளான் பள்ளத்தாக்குக்காக வெளியிட்ட 'பெலாஞ்சாவான்கு' கையேட்டைப் பிறகு மற்ற நகரங்களுக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டது இதனால்தான்.

சம்பளத்தை நாம் உடனே மாற்ற முடியாது. வாங்கும் முறையை மாற்றலாம்.

கடைக்கு ஒரு வேலை

முதலில் நம்ம ஆளுங்க மளிகைக் கடை. உளுந்து, பருப்பு, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம் எல்லாம் பெரும்பாலும் கப்பலில் வருபவை. 2023 டிசம்பர் 8-ஆம் தேதி இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2024 மே மாதம்தான் தடை நீங்கியது. அங்கே கதவைச் சாத்தினால் இங்கே விலை ஏறும். அதற்குக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

அடுத்தது உழவர் சந்தை, அதாவது பாசார் தானி. 1965-இல் அமைந்த ஃபாமா வாரியம் 1985-இல் இதைத் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் 1999 நவம்பர் 14-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். இரண்டு இடத்திலும் எண்ணம் ஒன்றுதான்: விளைவிப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் இருக்கும் கைகளைக் குறைப்பது. ஆகவே கீரை, வெண்டைக்காய், வாழைப்பழம், சிம்பாங் ரெங்கம் பக்கத்து அன்னாசி போன்று நம் மண்ணில் விளைவதை அங்கே வாங்குங்கள். பருப்பு இங்கே விளைவதில்லை. அதை அங்கே தேடினால் மலிவாகக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது பேரங்காடி. சவர்க்காரம், எண்ணெய், பால் மாவு போன்றவற்றை மொத்தமாக வாங்க அது ஏற்றது. ஆனால் தள்ளுபடி அட்டையைப் பார்த்து மயங்காமல், கிலோவுக்கு எவ்வளவு என்று பாருங்கள். அரைக் கிலோ பாக்கெட் 4.50 என்றால் கிலோ 9 ரிங்கிட். பக்கத்தில் கிலோ பாக்கெட் 8 ரிங்கிட்டுக்கு இருந்தால் எது மலிவு?

பாதைக்கும் விலை உண்டு

இப்போது முக்கியமான கணக்கு. தூரத்துக் கடையில் வாங்கினால் 12 ரிங்கிட் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். போக வர 40 கிலோமீட்டர். கார் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடினால் 4 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 1.99 என்றால் 7.96 ரிங்கிட். ஒரு மணி நேரமும் போகிறது. அதற்குக் குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் 8.17 போடுங்கள். மொத்தச் செலவு 16.13. பன்னிரண்டை மிச்சப்படுத்தப் போய் நான்கு ரிங்கிட்டுக்கு மேல் நட்டம்!

அதே பயணத்தில் மூன்று வீட்டுச் சாமானை ஒருவரே வாங்கி வந்தால்? மிச்சம் 36 ரிங்கிட், செலவு அதே 16.13. மீதி 19.87. வீட்டுக்கு 6.62 லாபம். கடையும் மாறவில்லை, விலையும் மாறவில்லை. சேர்ந்து போனதுதான் மாறியது.

எழுதாத விலை

பக்கத்துக் கடையில் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் "அண்ணே, புத்தகத்துல எழுதிக்குங்க, சம்பளம் வந்ததும் தர்றேன்" என்று சொல்ல அங்கேதான் முடியும். நாம் எல்லாரும் பட்டணத்துக்கே ஓடி அந்தக் கடை மூடிவிட்டால், முதலில் கஷ்டப்படுவது வண்டி இல்லாத பாட்டிதான். கடனுக்கு வாங்குவதும் ஓர் அளவோடு இருக்கட்டும். மாதாமாதம் பாக்கியைத் தீர்க்காவிட்டால் வீடும் தாங்காது, கடையும் தாங்காது. நான் அவசரத்துக்கு வேண்டியதைப் பக்கத்துக் கடையிலேயே வாங்குகிறேன். மாதச் சாமானை மட்டும் அக்கம்பக்கத்தோடு சேர்ந்து வெளியே வாங்குகிறேன்.

பயிற்சி

1. உங்கள் வீட்டில் மாதாமாதம் வாங்கும் பத்துப் பொருளை எழுதுங்கள். எது இங்கே விளைவது, எது கப்பலில் வருவது?

2. ஒவ்வொன்றுக்கும் மூன்று கடையில் கிலோ விலை பாருங்கள். பெட்ரோலையும் நேரத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

3. உங்கள் வரிசையில் வண்டி இல்லாத வீடு எது? அடுத்த முறை போகும்போது அவர்களின் பட்டியலையும் வாங்கிக்கொண்டு போக முடியுமா?

மூன்றாவது கேள்விக்கான விடையை அடுத்த கூட்டத்துக்கு வரும்போது செய்து முடித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.