கணக்கர் வேலைக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி?

கடைக்குக் கணக்கு எழுத ஆள் தேவை என்று நாம் நாலு பேரிடம் சொல்லி வைத்தால் போதும், பத்து நாளில் ஒரு கட்டு பயோடேட்டா வந்து சேர்ந்துவிடுகிறது. நம் பிள்ளைகளும், நம் கடைகளில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளும் பி.காம். முடித்துவிட்டு இதேபோல் வேறு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். படித்துப் பார்த்து ஆளை எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் நாம். எனவே எழுதுகிறவர்களுக்கு உதவியாக நமக்குத் தெரிந்ததைச் சொல்வது பொருத்தம் என்று கருதுகிறோம்.

முதலில் நாம் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் கடைக்குக் கணக்கர் தேடியபோது, கடைசியில் இரண்டு விண்ணப்பங்கள் மேஜையில் நின்றன. ஒன்று மூன்று பக்கம். வழுவழுப்பான தாள், வண்ணப் புகைப்படம், ‘கடின உழைப்பாளி, நேர்மையானவர், எந்தச் சூழ்நிலையிலும் பணியாற்றக்கூடியவர்’ என்று அழகான ஆங்கிலம். மற்றொன்று நம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மகளுடையது. ஒரே பக்கம். பெயர், முகவரி, படிப்பு, ‘இரண்டு வருட அனுபவம்’. அவ்வளவுதான்.

முதலாமவரையே எடுத்தோம். ஐந்து மாதம் கழித்து ஆடிட்டர் கேட்டபோதுதான், வங்கிக் கணக்கை ஒரு மாதம்கூட ஒத்துப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. அந்தப் பெண்ணோ வேறொரு கடையில் சேர்ந்துவிட்டார். அங்கிருந்து நமக்குப் பாக்கி ஸ்டேட்மெண்ட் அனுப்பும்போது, நம் கணக்கில் இருந்த பிழையை பில் நம்பரோடு எடுத்துக்காட்டினார். விசாரித்ததில், முன்பு இருந்த இடத்தில் கொள்முதல், விற்பனை, வங்கி, வரி எல்லாவற்றையும் தனி ஆளாகப் பார்த்தவர் என்று அறிந்தோம். அதில் ஒரு வரிகூட அந்த ஒற்றைத் தாளில் இல்லை. கேட்காதது நம் தவறு. சொல்லாதது அந்தத் தாளின் தவறு.

இதில் நாம் கற்ற பாடம் ஒன்றுதான். விண்ணப்பத்தில் எழுத வேண்டியது குணத்தை அல்ல, செய்த வேலையை. அதை எழுதும் முறையைக் கீழே தருகிறோம்.

1. மேலே பெயர், ஊர், தொலைபேசி எண். அடுத்த இரண்டு வரியில், எந்த வேலைக்கு விண்ணப்பம், எத்தனை வருட அனுபவம், எந்த வேலையைப் பிறர் உதவியின்றிச் செய்ய முடியும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கடையில் வாடிக்கையாளர் நிற்கும்போது நாம் படிப்பது அந்த இரண்டு வரியைத்தான்.

2. ‘கணக்கு வேலை பார்த்தேன்’ என்று எழுதினால் ஒன்றும் விளங்காது. ‘நாள் ஒன்றுக்குச் சுமார் 60 விற்பனை பில் பதிவு செய்தேன். மாலையில் கல்லா ரொக்கத்தை நாளேட்டோடு சரிபார்த்தேன். மாதம்தோறும் வங்கி ஸ்டேட்மெண்டை ஒத்துப் பார்த்தேன்’ என்று எழுதினால், வேலையின் அளவும் தெரியும், ஆளின் தரமும் தெரியும். எண்ணிக்கை உண்மையாக இருக்க வேண்டும். நேரில் கேட்டால் தடுமாறக் கூடாது.

3. ‘டேலி தெரியும்’ என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பில் போட மட்டும் தெரியுமா, ஐந்தொகை வரை கொண்டுவரத் தெரியுமா, சரக்கு இருப்பை அதிலேயே பராமரித்தாரா என்று பிரித்து எழுத வேண்டும்.

4. 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. வந்தபின் வரி வேலையே கணக்கரின் முக்கிய வேலையாகிவிட்டது. மாதந்தோறும் தாக்கல் செய்யும் கடையென்றால் ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவம் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள், 3பி படிவம் 20-ஆம் தேதிக்குள். இவற்றைத் தாமே தாக்கல் செய்தாரா, ஆடிட்டருக்கு விவரம் மட்டும் தயாரித்துக் கொடுத்தாரா என்பதை எழுத வேண்டும். இரண்டுமே மதிப்புள்ள வேலைதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

கொள்முதல் பில்களை 2பி படிவத்தோடு ஒத்துப் பார்த்த பழக்கம் இருந்தால் அதை அவசியம் குறிப்பிட வேண்டும். 5 சதவீத வரியுள்ள சரக்கை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினால் வரி 10,000 ரூபாய். விற்றவர் அந்த பில்லைத் தம் படிவத்தில் காட்டாமல் விட்டால் அந்த வரவு நமக்குக் கிடைக்காது. இதை அந்த மாதமே கண்டுபிடித்துச் சொல்லும் ஆளுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுக்க எந்த வியாபாரியும் தயங்க மாட்டார்.

5. அனுபவமே இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். அப்பாவின் கடையில் சிட்டை எழுதியது, சுய உதவிக் குழுவின் கணக்கைப் பார்த்தது, ஆடிட்டர் அலுவலகத்தில் விடுமுறையில் வேலை கற்றது எல்லாமே அனுபவம்தான். எத்தனை மாதம், என்ன வேலை என்று எழுதினால் போதும்.

6. இடையில் ஒரு வருடம் வேலை இல்லாமல் இருந்திருந்தால் தேதியை மாற்றி மறைக்க வேண்டாம். ‘தாயாரின் உடல்நிலை காரணமாக வீட்டில் இருந்தேன்’ என்ற ஒரு வரி போதும். கணக்கரிடம் ஒரு தேதி பொய்யானால் மற்ற எண்களையும் நம்ப மனம் வராது.

7. ஆதார் எண், பான் எண், சாதி, பெற்றோரின் வருமானம் இவையெல்லாம் விண்ணப்பத்தில் வேண்டாம். பழைய முதலாளியின் விற்றுவரவு, அவருடைய பார்ட்டிகளின் பெயர் இவற்றையும் எழுதக் கூடாது. அங்கிருந்த ரகசியத்தை இங்கே எழுதுபவர், நம் ரகசியத்தை நாளை வேறிடத்தில் எழுதுவார்.

8. ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கம். கூட்டல் பிழை, தேதிப் பிழை இருக்கவே கூடாது. மதிப்பெண் சதவீதம் தவறாக இருந்தால், கணக்கர் வேலைக்கு அது ஒன்றே தகுதிக் குறைவு.

வியாபார அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. தாளின் அழகைப் பார்த்து ஏமாற வேண்டாம். எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்ட ஆள் இருப்பதில்லை. விண்ணப்பம் மெலிந்திருந்தாலும் கூப்பிட்டு, ஒரு மாத வங்கி ஸ்டேட்மெண்டையும் வங்கிப் புத்தகத்தையும் கையில் கொடுத்து, அரை மணி நேரம் ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பக்கம் சொல்லாததை அந்த அரை மணி நேரம் சொல்லிவிடும். கல்லாச் சாவியை நாம் வைத்திருந்தாலும், கடையின் கணக்கு அவர் கையில்தான் இருக்கிறது.