சுண்ணாம்புக் காரையும் சிமெண்டும்

(பழங்கட்டடங்களைப் பழுது பார்க்கப் பொருள் கொடுப்போர் அறிய வேண்டுவன)

கடைக்கு ஒரு மூட்டைச் சரக்கு வாங்குவதாயினும் கையில் எடுத்துப் பார்த்து, முகர்ந்து, தரம் அறிந்த பின்னரே விலை பேசுகிறோம். ஆனால், ஊர்ப் பள்ளிவாசலின் சுவர் உதிர்கிறது, பூச்சு வேலைக்குப் பணம் வேண்டும் என்று கடிதம் வருமாயின், அது எத்தகைய சுவர், பூசப்போவது எத்தகைய பூச்சு என்று ஒரு வார்த்தை கேளாமல் தொகையை அனுப்பி விடுகிறோம். கொடுக்கும் மனம் போற்றத்தக்கதே. எனினும், கொடுத்த பணமே அந்தச் சுவரைக் கெடுக்கும் காரியத்துக்குச் செலவாகுமாயின், அது நமக்கும் நஷ்டம், நமக்குப் பின் வருவோருக்கும் நஷ்டம். ஆகையால், நம் முன்னோர் எதைக் கொண்டு எவ்வாறு கட்டினர் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முன்னோர் கட்டியவை

கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களின் பழைய பள்ளிவாசல்கள் சில கல்லால் ஆனவை. கல்தூண், அதன்மேல் போதிகை, போதிகைமேல் உத்தரம், உத்தரத்தின்மேல் கற்பலகை என அடுக்கிய தமிழ்நாட்டுக் கல்தச்சரின் வேலை அது. மற்றவை பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுந்தவை. நாகூரில் தஞ்சை மன்னர் பிரதாப சிங் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய பெரிய மினாரா 131 அடி உயரம். இன்று நாம் வாங்கும் சிமெண்டுக்கு மூலமான போர்ட்லண்டு சிமெண்டுக்கு இங்கிலாந்தில் உரிமைப் பத்திரம் பெறப்பட்டதோ 1824-இல்தான். அதற்கு முன்பே எழுந்த மினாரா, கடற்காற்றிலும் புயலிலும் இன்றளவும் நிற்கிறது.

கடல் கடந்து வந்த நம்மவரும் அவ்வழக்கத்தையே இங்குக் கொணர்ந்தனர். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801-இல் ஏற்பட்டது. சிங்கப்பூரில் 1826-இல் தொடங்கிய ஜாமிஆ சூலியா பள்ளி, 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா ஆகியவை அவ்வாறு வந்தவை. தெலுக் ஆயர் வீதியிலுள்ள அல்-அப்ரார் பள்ளியை நம்மவர் ‘குச்சுப் பள்ளி’ என்றே அழைத்தனர். 1827-இல் அது வெறும் ஓலைக் குடிசையாக இருந்ததே காரணம். 1850-களில் செங்கற்கட்டடம் எழுந்த பின்னும் பெயர் மாறவில்லை.

சுண்ணாம்பின் கணக்கு

வியாபாரிகளாகிய நமக்குச் சுண்ணாம்பின் தன்மை கணக்கு வழியாகவே எளிதில் விளங்கும். தூய சுண்ணாம்புக்கல் அல்லது கிளிஞ்சல் 100 ராத்தல் எடுத்துக் காளவாயில் இட்டு, ஏறக்குறைய 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால், 44 ராத்தல் கரியமில வாயுவாகப் புகைபோக்கி வழியே போய்விடும். கையில் நிற்பது 56 ராத்தல் சுட்ட சுண்ணாம்பு. இதில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீறும். அப்போது 18 ராத்தல் தண்ணீரை உட்கொண்டு 74 ராத்தலாகும். இந்த நீற்றிய சுண்ணாம்பை மணலுடன் அரைத்துச் சுவரில் பூசுகிறோம். அங்கே அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று, உட்கொண்ட தண்ணீரை விட்டுவிட்டு, மீண்டும் 100 ராத்தல் கல்லாகிறது. காளவாயில் கொடுத்த கடனைச் சுவரில் வசூலித்துக் கணக்கை நேர் செய்கிறது என்க.

இவ்வசூல் ஒரு நாளில் முடிவதன்று. மேற்பரப்பு சில வாரங்களில் இறுகும். தடித்த சுவரின் உள்ளே பல ஆண்டுகள் நடைபெறும். பூச்சு வெயிலில் சட்டென்று காய்ந்துவிடாதபடி ஈரச்சாக்குத் தொங்கவிட்டுப் பாதுகாப்பதும், ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நாள் விடுவதும் இதனாலேயே. அவசரக்காரருக்குச் சுண்ணாம்பு வேலை உதவாது.

காரை அரைத்த விதம்

நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் பல நாட்கள் ஊறவிட்டு, பிறகு மணல் சேர்த்து, வட்டமாக அமைத்த பள்ளத்தில் மாடு இழுக்கும் கல்லுருளையால் வெண்ணெய் போல் அரைத்தனர். ஈரம் தங்கும் அஸ்திவாரத்துக்கும் தளத்துக்கும் மணலோடு, நன்கு வெந்த செங்கல்லைத் தூளாக்கிச் சேர்த்தனர். சுர்க்கி என்பது அதுவே. செங்கல்தூள் சுண்ணாம்புடன் கூடும்போது, காற்றுப் படாத ஈரத்திலும் காரை இறுகும். கடுக்காயும் வெல்லமும் பல நாள் ஊறிப் புளித்த நீரைக் கலந்தால் காரை இழைவாக வரும், இறுக்கமும் கூடும் என்பது கொத்தனார்களின் அனுபவம்.

மேல்தளம் போடுவதும் ஒரு தனிக் கலை. தேக்கு விட்டங்களின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திக் குறுக்குவாட்டில் காரையால் பிணைப்பர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, ஆட்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவர். கடைசியில் தட்டோடு பதிப்பர். மெட்ராஸ் தளம் எனப்படுவது இதுவே.

இக்கலையின் உச்சம் சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு. அதற்குச் சிங்கப்பூரிலேயே சான்று உண்டு. 1856-இல் அஸ்திவாரக் கல் நாட்டி 1862-இல் அர்ப்பணிப்புச் சடங்கு நடந்த செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். உள்சுவர்ப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைச் சேர்த்ததாகவும், காய்ந்தபின் பளிங்குக் கல்லாலும் உருண்டைக் கல்லாலும் தேய்த்து மெருகேற்றியதாகவும் அக்கைதிகளை மேற்பார்த்த அதிகாரி மக்நேர் 1899-இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார்.

சிமெண்டு செய்யும் கேடு

சிமெண்டை நாம் பழிக்கவில்லை. புதிய காங்கிரீட் கட்டடத்துக்கு அது இன்றியமையாதது. ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவருக்கு அது ஒவ்வாது. ஏனெனில், பழைய செங்கல் மென்மையானது. தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். காரையும் பூச்சும் நுண்துளை உடையவையாதலால், ஏறிய ஈரம் அவற்றின் வழியே வெளியேறி உலர்ந்துவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்று கொத்தனார் சொல்வது இதனைத்தான்.

இச்சுவரின்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளிவர வழியின்றி மேலும் மேலும் ஏறுகிறது. ஈரத்தோடு வந்த உப்பு பூச்சின் பின்னே படிகமாகி, செங்கல்லைப் பொடியாக்குகிறது. சில ஆண்டுகளில் சிமெண்டுப் பூச்சு பலகை பலகையாக விழும். செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக் கொண்டே விழும். உடனே, “பழைய சுவர், பலம் போய்விட்டது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம்” என்று சொல்லப்படுகிறது. குற்றம் சுவருடையதன்று, பூச்சினுடையது. இவ்வாறு அழிந்த கட்டடத்தை எத்தனை லட்சம் கொடுத்தாலும் திரும்பப் பெற முடியாது.

பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

1. சுவர் எதனால் ஆனது? பூச்சு உதிர்ந்த இடத்தில் வெண்மையான, நகத்தால் சுரண்ட வரும் காரையும், கிளிஞ்சல் துணுக்கும் தெரிந்தால் அது சுண்ணாம்பு வேலை.

2. ஈரம் எங்கிருந்து வருகிறது? உடைந்த மழைநீர்க் குழாய், ஒழுகும் தளம், சுவரையொட்டி உயர்த்தப்பட்ட தரை ஆகியவற்றை முதலில் சரி செய்யாமல் எந்தப் பூச்சும் நிலைக்காது.

3. பழைய சிமெண்டுப் பூச்சு இருப்பின், அதை மெதுவாக நீக்கி, சுவரை நன்கு உலரவிடத் திட்டம் உண்டா?

4. சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் யார்? அவர் முன்பு செய்த வேலையை, ஒரு மழைக்காலம் கழிந்த பின் பார்த்தவர் உண்டா?

5. மேலே அடிப்பது சுண்ணாம்பு வெள்ளையா, ஈரத்தை மறிக்கும் பிளாஸ்டிக் வர்ணமா?

6. சட்ட அனுமதி பெற்றாயிற்றா? சிங்கப்பூரில் மேற்சொன்ன தர்காவும் இரு பள்ளிகளும் 1974 முதல் தேசிய நினைவுச் சின்னங்கள். அனுமதியின்றி அவற்றில் கைவைத்தல் கூடாது. மலேசியாவில் 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் உண்டு. தமிழகக் கடற்கரையில் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்பு சுடும் பழக்கத்தையும் சட்டம் தடுத்துவிட்டது. கல் சுண்ணாம்பும் கிளிஞ்சல் சுண்ணாம்புமே இன்று வழி.

சுண்ணாம்பு வேலைக்குக் கூலி அதிகம், நாளும் அதிகம் என்பது மெய்யே. ஆயினும், சிமெண்டு பூசிச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெயர்த்துப் பூசும் செலவையும், ஒவ்வொரு முறையும் சுவர் இழக்கும் செங்கல்லையும் பற்றில் எழுதிப் பார்த்தால் எது மலிவு என்பது விளங்கும். கைத்தொழில் தெரிந்த முதிய கொத்தனார்கள் குறைந்து வருகின்றனர். அவர்களுக்கு வேலை கொடுத்து, அவர்களோடு இரண்டு இளைஞரைப் பழக வைப்பதும் நாம் கொடுக்கும் நன்கொடையின் பகுதியாக இருத்தல் வேண்டும்.

அடுத்த கடிதம் வரும்போது, தொகையோடு இவ்வாறு கேள்விகளையும் சேர்த்து அனுப்புவோமாக. பதில் வந்தபின் வேலை தொடங்கினால் போதும். இருநூறு ஆண்டு நின்ற சுவர் இரண்டு மாதம் காத்திருக்கும்.